வடகத்தோடு காய்ந்த பேட்டரி

அந்த வாளிய மட்டும் காலுல இடிச்சுறாதீங்க சார். சித்தெ அக்கட்ட நகந்து ஒக்காருங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க, மேல இருக்கறது வெறும் மண்ணு. உள்ள இருக்கறதுதான் கொஞ்சம் கோவக்காரச் சாமான். நீங்க என்ன குடுக்க வந்தீங்க? பழைய டிவியா? குடுத்து வெச்சவருங்க. டிவியால யாரும் யார்கூடயும் பேசாமப் போனதில்ல.

கெட்டுப்போன கரண்டுச் சாமான் வாங்கற இந்தக் கவுன்டர் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்களாமா. நான் ஒம்பது மணிக்கே வந்துட்டனுங்க. எம்பேரு நாச்சிமுத்து. நூல் மில்லுல முப்பத்தோரு வருசம் எலக்ட்ரீசியன். கரண்டு எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போவுதுன்னு வாசனையிலயே சொல்லுவன். எட்டு மோட்டாரு ஓடற ஷெட்டுல ஒரு மோட்டாரு சொணங்குச்சுன்னா தூக்கத்துலயே எந்திரிச்சு ஒக்காந்துக்குவன். அப்படிப்பட்ட ஆளுகூட, பெத்த பொண்ணு இருவத்திரெண்டு நாளாப் பேசலீங்க. இருவத்திரெண்டு நாளு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரமாட்டேங்கறா. எதுனால? பேட்டரியால. கேட்டா நாலு பேரு சிரிப்பாங்கன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றன். நீங்க யாரோ, நான் யாரோ.

மொதல்ல ஒண்ணு சொல்லீர்றன். எனக்கு எதையும் வீசறது புடிக்காதுங்க. ஒரு போனு செத்துப் போச்சுன்னா அதோட பேட்டரி சாகணும்னு என்னங்க சட்டம்? அதுல பாதி உசுரு இருக்கும். லேப்டாப்பு, பவர் பேங்க்கு, அவசர வெளக்கு, கொசு பேட்டு, எது கெட்டாலும் அக்கம்பக்கத்துல எங்கிட்டதான் கொண்டாந்து குடுப்பாங்க. பிரிச்சு பேட்டரிய எடுத்து வெச்சுக்குவன். பெரிய தகர டப்பா ஒண்ணு இருக்குதுங்க, பிஸ்கட்டு வந்த டப்பா. அதுக்குள்ள போட்டு வெச்சிருந்தன். கூடவே பழைய சாவி, ஆணி, ஸ்க்ரூ எல்லாம் கெடக்கும். ஒரே எடத்துல இருந்தாத் தேட வேண்டாம் பாருங்க.

அந்த டப்பா மேல எங்கூட்டுப் பூனை எப்பப் பாத்தாலும் படுத்துக்கும். கதகதப்பா இருக்குமாட்ட இருக்குது. எஞ்சம்சாரம் சுலோச்சனா ஒரு நாள் தொட்டுப் பாத்துட்டு, "ஏனுங்க, டப்பா சுடுதுங்க"ன்னா. நான் சொன்னன், "பூனை இவ்வளவு நேரம் படுத்திருந்தா சுடாம என்ன பண்ணும்?" அவ பூனைய எறக்கி வுட்டுட்டு உள்ள போயிட்டா. சரியான பதிலுக்கு யாரு என்ன பேச முடியும்?

இப்படி இருக்கறப்பத்தான் எங்க மாப்பிள்ளையோட லேப்டாப்பு வந்து சேந்துச்சு. மாப்பிள்ளை பேரு பிரவீன். தங்கமான பையன், ஆனா கொஞ்சம் பயந்த சுபாவம். லேப்டாப்புக்கு அடியில உப்பிக்கிட்டு மேசையில நிக்காம ஆடுது. "மாமா, இது பேட்டரி வீங்கீருச்சு. இனி சார்ஜ் போடக் கூடாது. கழட்டி ஒரு ஓரமா வெச்சிருங்க, நான் ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தர்றன்"னாரு. கழட்டுனன். பூரி கணக்கா இருந்துச்சுங்க. அமுக்குனா மெதுமெதுன்னு உள்ள போவுது. வாயு புடிச்சிருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு ஊசி குத்திக் காத்த எறக்கிவுட்டா முடிஞ்சுது. ஊடு பூரா ஊசி தேடுனன், கெடைக்கல. சுலோச்சனா எங்கியோ எடுத்து வெச்சுட்டா. அவளுக்குப் பொருளை வெச்ச எடத்துல வெக்கற பழக்கமே கெடையாது.

அன்னைக்கு ராத்திரி மாப்பிள்ளை கேட்டாரு, "எங்க மாமா அந்த பேட்டரி?" "வீசியாச்சு மாப்ள"ன்னு சொன்னன். பொய்யில்லீங்க. மனசுல வீசிட்டன்.

உங்களுக்கு ஞாவகம் இருக்குமுங்களா, டார்ச்சு லைட்டு மங்குச்சுன்னா பேட்டரிக்கட்டையக் கழட்டி வெயில்ல போடுவம். ரெண்டு நாள் காஞ்சா நாலு நாளைக்கு எரியும். ஆத்துப் பக்கம் மோட்டாரு போடப் போனா அந்தக் கட்டையத்தான் நம்பிப் போவம். எத்தனையோ பேட்டரிய நான் அப்படி எழுப்பி உட்கார வெச்சிருக்கன். அதும் பேட்டரி, இதும் பேட்டரி. அதுல கட்டையா இருக்குது, இதுல தட்டையா இருக்குது, அவ்வளவுதான வித்தியாசம்?

அப்ப மாசிக் கடைசி. மொட்ட மாடியில சுலோச்சனா அரிசி வடகம் புழிஞ்சு காயப் போட்டிருந்தா. வேட்டிய விரிச்சு, நாலு மூலைக்கு நாலு கல்லு வெச்சு. அதுக்குப் பக்கத்துல ஒரு எவர்சில்வர் தட்டத்துல நான் பேட்டரிய வெச்சன். வடகத்துக்கு ஒரு கண்ணு, பேட்டரிக்கு ஒரு கண்ணுன்னு காக்காயத் தொரத்திக்கிட்டு ஒக்காந்திருந்தன். அந்தில பனி படக் கூடாதுன்னு ரெண்டையும் உள்ள எடுத்து வெச்சிருவன். மூணு நாளு. மூணாவது நாளு சுலோச்சனா கேட்டா, "இத்த எப்பங்க எண்ணெயில போட்டுப் பொரிக்கறது?" லொள்ளு.

நாலாவது நாளு வளைகாப்பு.

தாரணி எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. ஏழாம் மாசம். வளைகாப்பை எங்கூட்டுல வெச்சுச் செஞ்சு, அப்படியே அம்மிணி இங்கயே தங்கிக்கறதுன்னு பேச்சு. அவளுக்குன்னு ரூமுக்கு வெள்ளையடிச்சு, தொட்டிலு மாட்டக் கொக்கி வரைக்கும் அடிச்சு வெச்சிருந்தன். எடம் பத்தாதுன்னு மொட்ட மாடியில பந்தலு போட்டம். அறுவது பேரு. ஒரு ஓரத்துல கலந்த சோறு ஏழு வகை, வாழையெலக் கட்டு. வடகத்தை எடுத்து உள்ள வெச்சுட்டன். பேட்டரியத் தொட்டுப் பாத்தன், வெயிலுக்கு நல்லாச் சூடேறி இருந்துச்சு. காஞ்சிருச்சு, பக்குவம் வந்துருச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம். இனி சார்ஜ் ஏத்திப் பாக்க வேண்டியதுதான். பந்தல் ஃபேனுக்கு வயரு இழுத்திருந்தாங்க, அதுல ஒரு பிளக்கு சும்மா இருந்துச்சு. அதோட சார்ஜரு இல்ல. அதுக்கென்னங்க, எங்கிட்ட அவசர வெளக்கு சார்ஜரு இருந்துச்சு. ரெண்டு வயரை ஒட்டி மாட்டி, தட்டத்தை வாழையெலக் கட்டுக்குப் பின்னால வெச்சுட்டு, சந்தனம் குடுக்கற எடத்துல போய் நின்னுக்கிட்டன். மாப்பிள்ளை முன்னால உசுரோட எடுத்து நீட்டணும்னு ஒரு ஆசை. அந்த ஆசை தப்புன்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்.

அம்மிணி பச்சைப் பட்டுல ஒக்காந்திருக்கா. கையி ரெண்டும் நெறைய கண்ணாடி வளையலு. பொம்பளைங்க நலங்கு வெச்சுப் பாடிக்கிட்டு இருக்கறாங்க. அப்ப ஒரு வாசம் வந்துச்சு. நகத்துக்குப் பூசற பாலிசு இருக்குதுல்ல, அந்த மாதிரி. பொண்டு புள்ளைங்க கூடுன எடத்துல அந்த வாசம் வரத்தான செய்யும்னு நெனச்சன். பொறகு உஸ்ஸுன்னு ஒரு சத்தம். "யாரு குக்கரு வெச்சது?"ன்னு எங்க பெரியம்மா கேட்டாங்க. குக்கரே வெக்கல. அப்பறமுங்க, வாழையெலைக்குப் பின்னால இருந்து பொகை. பொகைன்னா சாம்பிராணிப் பொகையில்ல, வெள்ளையாக் கெட்டியா. அதுக்குள்ள இருந்து புஸ்வானமாட்டம் நெருப்பு. தீவாளி வெடின்னு கைதட்டுனாங்க நாலு புள்ளைங்க.

நான் சும்மா நிக்கலீங்க. பதறாம யோசிச்சன். சூட்டுக்குக் குளிர்ச்சிதான் மருந்து. ஏழு வகைச் சோத்துல குளிர்ச்சி எது? தயிர்சோறு. அண்டாவத் தூக்கிக் கவுத்தன். மாதுளம்பழம் எல்லாம் போட்டு நல்லா இருந்துச்சு. நெருப்பு ஒரு நிமிசம் அமுங்குச்சு. நான் திரும்பிப் பாத்துச் சிரிச்சன். பொறகு தயிர்சோத்துக்குள்ள இருந்து மறுபடியும் உஸ்ஸுன்னு கெளம்பிருச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் சம்பந்தியம்மா எந்திரிச்சாங்க. மாப்பிள்ளையோட அம்மா, வசந்தாமணி டீச்சரு. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல வேதியியல் எடுத்தவங்க. அந்தம்மாவுக்குச் சும்மா பேசறதே பள்ளிக்கூட மணி அடிக்கற மாதிரி இருக்கும். "யாரும் கிட்டப் போகாதீங்க. அந்தப் பொகையச் சுவாசிக்காதீங்க. தாரணி மொதல்ல, அப்பறம் கொழந்தைங்க, எல்லாரும் கீழ எறங்குங்க. பிரவீனு, மெயினை ஆஃப் பண்ணு"ன்னாங்க. பாத்ரூமு கட்ட வெச்சிருந்த மணலு ஒரு மூலையில குமிஞ்சு கெடந்துச்சு. அங்கிருந்த சட்டிய எடுத்து, தூர நின்னு, பட்டுச் சீலையோட மண்ணை அள்ளிக் கொட்டுறாங்க. சோத்துல மண்ணள்ளிப் போடறதுன்னு சொல்லுவாங்கல்ல. எங்கூட்டுல நெசமாவே போட்டாங்க. நான் எட்டி ஒதைச்சுக் கீழ தள்ளீரலாம்னு காலைத் தூக்குனன். "சம்பந்தி, காலை எடுங்க"ன்னாங்க. அறுவது பேரு முன்னால. எடுத்துட்டன்.

பந்தல் துணியில ஒரு ஓட்டை, பிளாஸ்டிக் சேரு ரெண்டு, எலக் கட்டு முழுசும். அவ்வளவுதானுங்க சேதம். யாருக்கும் ஒரு காயமில்ல. அம்மிணி எறங்கறப்ப மட்டும் ரெண்டு படி வழுக்குச்சு. ரெண்டே படிதான். சம்பந்தியம்மாவோட தங்கச்சி புடிச்சுக்கிட்டாங்க. வளையலு அஞ்சாறு ஒடைஞ்சுது. ஒண்ணும் ஆகலீங்க. ஒண்ணும் ஆகலன்னு டாக்டரே சொன்னாங்க. நான் அதை எத்தனை வாட்டி சொல்லிப் பாத்தாலும் யாரும் காதுல வாங்கறதில்ல.

கீழ வந்தா அம்மிணி நடையில நிக்கறா. மூஞ்சியில மஞ்சளும் பொகையுமா. "அது அவரு லேப்டாப்பு பேட்டரிதான?"ன்னா. நான், "காஞ்சிருச்சு கண்ணு, இன்னொரு நாள் வெயில்ல இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சன். அவ முழுசாக் கேக்கல. "இந்த ஊட்டுல எத்தனை பேட்டரி இருக்குதோ அத்தனையும் வெளிய போகட்டும்ப்பா. நான் அப்பறம் வர்றன்"னு சொல்லிட்டு மாமியா கூடக் காருல ஏறி ஒக்காந்துட்டா. வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு மாமியா ஊட்டுக்கே திரும்பிப் போனது எங்க சாதிசனத்துலயே அன்னைக்குத்தானுங்க மொதல் தடவை. நடையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தன்.

எல்லாம் அந்த டீச்சரு ஏத்தி வுட்டது. எம்பொண்ணு அப்படிப் பேசற புள்ளையில்ல.

சரி, நானும் எறங்கித்தான் வந்தன். டப்பாவ எடுத்துப் பரண்ல வெச்சன். சுலோச்சனா கண்டுபுடிச்சுட்டா. பீரோவுக்கு அடியில வெச்சன். கண்டுபுடிச்சுட்டா. கொஞ்சம் பேட்டரிய மட்டும் எடுத்து அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சன், அரிசி ஈரத்தையெல்லாம் இழுத்துக்கும் பாருங்க, போனு தண்ணியில வுழுந்தா அதுலதான போடறம். மத்தியானச் சோத்துக்கு அளக்கறப்ப படியில ஒண்ணு வந்துருச்சு. சுலோச்சனா வெறும் படிய மட்டும் எம்முன்னால வெச்சா. அன்னைக்குச் சோறும் வெக்கல.

அதுக்கப்பறம் அவளே ஒரு காரியம் பண்ணுனா. நாலஞ்சு பேட்டரிய எடுத்துக் குப்பைக் கூடையில போட்டுட்டா. குப்பை எடுக்கற சரோஜாக்கா கொட்டறப்பவே பாத்துருச்சு. "ஏனுங்கய்யா, இது யாரு போட்டது?"ன்னுச்சு. "சின்னச் சாமான் தான சரோஜா"ன்னன். "சின்னச் சாமானுங்களா? போன வருசம் எங்க வண்டியில குப்பைய அமுக்கறப்ப இதுல ஒண்ணு நசுங்கி வண்டியே பத்திக்கிச்சுங்க. உள்ள நின்னது எந்தம்பி பொண்டாட்டி. இன்னும் கையி மடங்க மாட்டேங்குது"ன்னுச்சு. அத்தனையும் பொறுக்கி, வாசப்படியில வரிசையா வெச்சுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு எனக்கே கொஞ்சம் உறுத்துச்சுங்க. நான் போடல, சுலோச்சனாதான் போட்டா. ஆனாலும் உறுத்துச்சு.

முந்தாநேத்து காத்தால எந்திரிச்சுப் பாக்கறன், சுலோச்சனா பையக் கட்டிக்கிட்டு இருக்கறா. பிரசவத்து மருந்துச் சாமான் அத்தனையும்: சுக்கு, திப்பிலி, பூண்டு, ஓமம். "எங்க கெளம்பிட்ட?"ன்னன். "எம்பொண்ணு எங்க இருக்கறாளோ அங்க. சம்பந்தி ஊட்டுல நான் போயி இருந்து பிரசவம் பாத்துக்கறன். நீங்களும் பேட்டரியும் பூனையும் இங்க இருங்க"ன்னா. சார், கேட்டுக்கங்க. பொண்ணோட தலைப்பிரசவத்தைப் பொண்ணெடுத்தவங்க ஊட்டுல போயிப் பாத்தாங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா நான் சந்தையில தலைகாட்ட முடியுமுங்களா? அதுவும் போகட்டும். அந்த ரூமுல கொக்கி மட்டும் தொங்குது. நானு அதப் பாத்துக்கிட்டு, ஊட்டுல தனியா இருக்கறதா? ரெண்டு நாள் பொறுன்னு அவளை நிறுத்தி வெச்சிருக்கன்.

நேத்துப் பூரா ஒக்காந்து டேப்பு சுத்துனன். டீச்சரம்மா மாப்பிள்ளை போன்ல சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க: ரெண்டு மொனையிலயும் டேப்பு ஒட்டணும், ஒண்ணோட ஒண்ணு ஒரசாமத் தனித்தனிக் கவருல போடணும், வீங்குனதெல்லாம் மண்ணுக்குள்ள. எனக்கா தெரியாது? அவங்க சொன்னதுக்காகச் செய்யல. ஆனா சுத்திப் பாத்தா அவங்க சொன்ன மாதிரியேதான் வந்துருச்சு. நெசத்தைச் சொல்லோணும்னா, தகர டப்பாவுக்குள்ள ரெண்டு பேட்டரிக்கு நடுவுல சாவி ஒண்ணு கருத்துப் போயி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எடுத்துப் பாத்தன். பூனைதான் சூடு பண்ணுச்சுன்னு நெனச்சிருந்தன். இத சுலோச்சனாகிட்டச் சொல்லல. உங்களோட இருக்கட்டும்.

இன்னைக்கு ஆட்டோக்காரன் கேட்டான், "வாளியில என்னுங்க?" நான் உள்ளதைச் சொன்னன். ஏத்தமாட்டேன்னுட்டான். மூணு கிலோமீட்டரு நடந்தே வந்தனுங்க, ஒரு கையில வாளி, ஒரு கையில பை. வழியில ஒரு அம்மா செருப்பைக் கழட்டி வாளியப் பாத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க. கோயில் மண்ணுன்னு நெனச்சுட்டாங்களாட்ட இருக்குது. நானும் மறுத்துச் சொல்லல.

தொறந்துட்டாங்க பாருங்க. இருங்க, குடுத்துட்டு வந்தர்றன். என் வாளிய நீங்க தூக்க வேண்டாமுங்க, நானே தூக்கிக்கறன்.

முடிஞ்சுதுங்க. கவுன்டர்ல இருக்கற பொண்ணு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு, "யாருங்கய்யா இவ்வளவு அழகா டேப்பு ஒட்டுனது?"ன்னு கேட்டுச்சு. நான்தான்னு சொன்னன். கேட்டீங்களா, தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். ரசீது குடுத்துருக்குது. இதப் படம் புடிச்சு அனுப்புனாத்தான் வருவாளாமா. பெத்தவன் வாய்ச்சொல்லை நம்பல, காயிதத்தை நம்பறா. சார், ஒரு ஒத்தாசை. எம்போனும் பின்னால உப்பிக்கிட்டு இருந்துச்சு, அதையும் அதுகூடவே குடுத்துட்டன். உங்க போன்ல இருந்து ஒரு படம் அனுப்பறீங்களா? நெம்பரு எனக்கு மனப்பாடம்.

போயிருச்சுங்களா? பாத்துட்டாளா? அவளே கூப்புடறாளா? எடுங்க, எடுங்க. நீங்களே பேசுங்க, எங்கிட்டத்தான் பேசமாட்டாளே.

என்னுங்க சொல்றா?

பனியன் பாக்கெட்டா? எந்தப் பனியன் பாக்கெட்டு? அதுல ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. பாக்கெட்டைத் தொட்டுப் பாக்கச் சொல்றாளா? என்னங்க இது, போலீஸாட்டம். சுலோச்சனா பாத்துச் சொல்லிக் குடுத்திருப்பா.

சரி. இருக்குதுங்க. ஒண்ணே ஒண்ணு. பாருங்க, இத்தனூண்டு. அவ காலேஜு ஹாஸ்டலுக்குப் போறப்ப நான் வாங்கிக் குடுத்த பட்டன் போனோட பேட்டரி. இது உப்பலீங்க, நல்ல சாமான். அந்தியில ஏழு மணிக்கு அடிப்பன், "சாப்புட்டியா கண்ணு"ன்னு கேப்பன், "சாப்புட்டன்ப்பா"ம்பா. நாலு வருசம் தெனமும். அந்த நாலு வருசத்தை எப்படிங்க நான் டேப்பு சுத்திக் கவுன்டருல குடுக்கறது? எனக்கு மனசு வல்ல. அவ்வளவுதான்.

நான் பேசோணுமா? எங்கிட்டயா? குடுங்க.

சொல்லு கண்ணு. ம். ம். இல்ல கண்ணு, சூடாவெல்லாம் இல்ல. டேப்பு? டேப்பு ஒட்டல. ஆமா, நெஞ்சுக்கு நேராத்தான் இருக்குது. அழுவாத கண்ணு. எனக்கு என்ன ஆயிறப் போவுது? சரி. சரி, அழுவாத. இதோ, இந்தக் கவுன்டருப் புள்ளைகிட்டயே குடுத்தர்றன். நீ லைன்லயே இரு.

கவுன்டரு அம்மிணி, இந்தாங்க, இதையும் சேத்துக்கங்க. ரசீதுல ஒண்ணு கூட்டி எழுதீருங்க.

கேட்டீங்களா சார்? அன்னைக்குப் படியில எறங்கறப்ப, "எங்கப்பா மேலயே நிக்கறாரு, எங்கப்பாவக் கூட்டிட்டு வாங்க"ன்னுதான் திரும்புனாளாமா. அதுலதான் கால் வழுக்குச்சாமா. எனக்கு யாருமே சொல்லலீங்களே. இருவத்திரெண்டு நாளா எம்மேல கோவம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தன்.

வெள்ளிக்கெழமை காத்தால வர்றாளாமா. சம்பந்தியம்மாவே கொண்டாந்து வுடறாங்களாமா. மொட்ட மாடிய ஒருக்கா சுத்திப் பாத்துட்டுத்தான் போவாங்களாமா, பாக்கட்டும், நல்லாப் பாக்கட்டும்.

இந்தாங்க உங்க போனு. பாத்தீங்களா சார்? நான் கடைசி வரைக்கும் அசையாம நின்னன், அவதான் எறங்கி வந்தா.